சுற்றுலா யாருக்கு?

செப்டம்பர் 27 உலகச் சுற்றுலா தினம். 1980-ஆம் ஆண்டு முதல் கொண்டாடப்பட்டு வருகிறது. அன்றைக்கு அமைச்சர்கள் பேசுவார்கள். பத்திரிகைகளில் முழுப்பக்க விளம்பரம் வரும். அஜந்தா ஓவியமும் கொங்கணக் கடற்கரையும் வர்ணத்தில் மின்னும். மகாராஷ்டிர அரசின் சுற்றுலா அலுவலகம் இந்த வேலையை நன்றாகவே செய்கிறது. ஆனால் மறுநாள் காலையில் தாதர் நிலையத்தில் இரண்டாம் வகுப்பு டிக்கெட்டுக்காக வரிசையில் நிற்கும் குடும்பத்துக்கு அப்படி ஓர் அலுவலகம் இருப்பதே தெரியாது. இதைப் பற்றித்தான் இன்று எழுத வேண்டியிருக்கிறது.

நமக்குத் தெரிந்த ஒருவர் தாதரில் துணிக்கடையில் வேலை பார்க்கிறார். தாதர் கடைவீதிக்குத் திங்கட்கிழமை விடுமுறை என்பது நெடுநாளைய வழக்கம். திருநெல்வேலியிலிருந்து முதல்முறையாக மும்பைக்கு வந்திருந்த தாய் தந்தையரை, கிடைத்த அந்த ஒரு நாளில் எலிஃபெண்டா குகைக்கு அழைத்துப் போனார். கட்டுச்சோறும் தண்ணீர்ப் பாட்டிலுமாகக் கேட்வே ஆஃப் இந்தியா படகுத்துறைக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான், திங்கட்கிழமை குகை திறப்பதில்லை என்பது தெரிந்தது. சொன்னவர் அலுவலர் அல்ல. அங்கே சுண்டல் விற்றுக்கொண்டிருந்த ஒரு பையன். பெரியவர் கடலைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "இதுவே போதும்பா" என்றாராம். புதன்கிழமை அவர்களுக்கு ஊருக்கு ரயில்.

இது பெரிய துயரம் என்று நாம் சொல்லவில்லை. குகைகளை மூடி வைப்பதும் சுற்றுலா அலுவலகம் செய்கிற காரியம் அல்ல. அவை மத்திய அரசின் தொல்லியல் துறையின் பொறுப்பில் உள்ளவை. துப்புரவுக்கும் பராமரிப்புக்கும் வாரத்தில் ஒரு நாள் வேண்டும் என்பதும் நியாயமே. ஆனால் கேட்வேக்குப் போகிறவர்கள் வந்து இறங்கும் சி.எஸ்.எம்.டி., சர்ச்கேட் நிலையங்களில் இதைச் சொல்லும் பலகை ஒன்றைத் தொங்கவிடுவது யார் வேலை? பயணத்தை வளர்ப்பதற்கென்றே ஏற்பட்ட அலுவலகத்தின் வேலை அல்லவா?

அந்த அலுவலகம் எப்படி நடக்கிறது என்பதை நம் வாசகர்கள் தெரிந்துகொள்வது நல்லது. மகாராஷ்டிர சுற்றுலா வளர்ச்சிக் கழகம் 1975-இல் ஏற்பட்டது. விடுதிகளை நடத்துவதும் சுற்றுப்பயணங்களுக்கு ஏற்பாடு செய்வதும் அதன் பணி. அதன் பக்கத்தில் சுற்றுலா இயக்குநரகம் இருக்கிறது. கொள்கை, விளம்பரம், பதிவு ஆகியவை இயக்குநரகத்தின் கையில். மும்பை, புனே, நாசிக், நாகபுரி போன்ற இடங்களில் அதற்குப் பிராந்திய அலுவலகங்கள் உண்டு. ஓட்டல்காரர், பயண ஏஜெண்டு, சாகசப் பயணம் நடத்துகிறவர், பண்ணையில் விருந்தினரைத் தங்கவைக்கும் விவசாயி ஆகியோர் பதிவுக்கும் சலுகைக்கும் போக வேண்டிய கதவு இதுதான்.

இவர்களையெல்லாம் 'தொழில் பங்காளிகள்' என்று அலுவலக மொழியில் சொல்கிறார்கள். பங்காளிகளுக்கு அரசு செய்வது கொஞ்சமல்ல. பயணக் கண்காட்சிகளில் மாநிலத்தின் பெயரால் அரங்கம் எடுத்து, அதில் அவர்களுக்கு இடம் தருகிறது. வெளியூர் ஏஜெண்டுகளையும் பத்திரிகைக்காரர்களையும் அழைத்து வந்து இடங்களைச் சுற்றிக்காட்டுகிறது. எல்லோரா, எலிஃபெண்டா விழாக்கள் என்று ஆட்டமும் பாட்டுமாக நடத்துகிறது. ஓட்டல் தொழிலுக்குத் 'தொழிற்சாலை அந்தஸ்து' தருவதென்று 2020-இல் முடிவு செய்தது; மின்சாரம், தண்ணீர், சொத்துவரி ஆகியவற்றில் தொழிற்சாலைகளுக்கு உள்ள கட்டணம் ஓட்டல்களுக்கும் கிடைக்க அது வழிசெய்தது. 2024-இல் வந்த சுற்றுலாக் கொள்கை, பத்து ஆண்டுகளில் ஒரு லட்சம் கோடி ரூபாய் முதலீடும் 18 லட்சம் வேலைகளும் வரும் என்று கணக்குப் போடுகிறது.

ஓட்டல் முதலாளிக்குச் சலுகை கிடைப்பதில் நமக்குப் பொறாமை இல்லை. ஓட்டல் ஓடினால்தான் அதில் சமையற்காரருக்கும் டேபிள் துடைப்பவருக்கும் வேலை. சலவைக்காரர், டாக்சி ஓட்டுகிறவர், கறிவேப்பிலை கொண்டுபோய்ப் போடுகிறவர் என்று அதை நம்பிப் பிழைக்கும் நம்மவர்கள் இந்நகரில் ஏராளம். 2004-இல் ஓடத் தொடங்கிய டெக்கான் ஒடிசி என்னும் சொகுசு ரயிலையும் நாம் குறை சொல்லவில்லை. இராஜஸ்தானத்தில் 1982-இல் வந்த அரண்மனை ரயிலைப் பார்த்து, ரயில்வேயும் மாநிலக் கழகமும் சேர்ந்து நடத்தியது அது. கொரோனாவால் நின்றுபோய், 2023-இல் மறுபடி புறப்பட்டது. ஒரு வாரப் பயணத்துக்கு ஓர் ஆளுக்கு லட்சக்கணக்கில் கட்டணம். கொடுக்க வசதியுள்ளவர்கள் வரட்டும், நாட்டுக்கு வருமானம்தான்.

ஆனால் இந்த நாட்டில் பயணம் போகிறவர் என்றால் யார்? டிக்கெட் ஜன்னலுக்கு உட்புறம் உட்காருகிறவர்களைக் கேளுங்கள், சொல்வார்கள். மாமனார் மாமியாரோடு, கைக்குழந்தையோடு, எவர்சில்வர் தூக்குப் பாத்திரத்தோடு ஷிர்டிக்குப் போகிறவர். ஆஷாட மாதத்தில் பண்டரிபுரம் போகிறவர். ஞாயிற்றுக்கிழமை நண்பர்கள் நால்வரோடு லோணாவளாவில் மழை பார்க்கப் போகிறவர். தனியார் நடத்தும் பாரத் கௌரவ் ரயில்களில் முதலாவது, 2022 ஜூன் 14-இல் கோயம்புத்தூர் வடக்கிலிருந்து கிளம்பியது. அது போன இடம் ஷிர்டிதான். தமிழ்நாட்டு ஜனங்கள் எங்கே போக ஆசைப்படுகிறார்கள் என்பது வியாபாரிக்குத் தெரிந்திருக்கிறது.

அலுவலகக் கணக்கில் இவர்களில் பலர் வருவதே இல்லை. உள்நாட்டுப் பயணிகள் எத்தனை பேர் என்பதைப் பெரும்பாலும் தங்கும் விடுதிகள் தரும் விவரத்தை வைத்தே கூட்டுகிறார்கள். காலையில் போய் இரவில் திரும்புகிறவர், ரயில் நிலையப் பிளாட்பாரத்தில் படுத்து எழுந்தவர், உறவினர் வீட்டில் தங்கியவர் ஆகியோர் எந்த விடுதிப் பதிவேட்டிலும் கையெழுத்துப் போடுவதில்லை. பதிவேட்டில் இல்லாதவர் திட்டத்திலும் இல்லாமல் போகிறார்.

இதில் உயிர் சம்பந்தப்பட்ட விஷயமும் இருக்கிறது. மழைக்காலத்துச் சஹ்யாத்ரி மலை எத்தனை அழகு என்று போஸ்டர் போடுகிறோம். பச்சை மலை, வெள்ளை அருவி, மேகம். இவற்றைப் பார்க்க டிக்கெட் இல்லை. செலவு ரயில் சத்தமும் வடாபாவும்தான். ஏழைக்கும் எட்டுகிற சுற்றுலா இது ஒன்றே. 2024 ஜூன் 30-ஆம் தேதி லோணாவளாவில் பூஷி அணைக்கருகே ஒரே குடும்பத்தைச் சேர்ந்த ஐந்து பேரை வெள்ளம் கொண்டுபோனது. அவர்களில் குழந்தைகளும் இருந்தனர். அடுத்த ஆண்டு, 2025 ஜூன் 15-ஆம் தேதி, புனே மாவட்டம் குண்ட்மளாவில் இந்திராயணி ஆற்றின் பழைய இரும்புப் பாலம், வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்தோடு இடிந்து விழுந்தது. நால்வர் இறந்தனர். இரண்டு நாளுமே ஞாயிற்றுக்கிழமை. வாரத்தில் ஒரு நாள் மட்டுமே ஓய்வுள்ளவர்கள் வெளியே கிளம்பும் நாள்.

விபத்து நடந்தபின் கலெக்டர் தடை உத்தரவு போடுவார். போலீஸ் தடியோடு நிற்கும். இரண்டு வாரம் கழித்துத் தடியும் இருக்காது, உத்தரவும் நினைவிருக்காது. போஸ்டர் மட்டும் ஒட்டியபடி இருக்கும். ஜனங்களை வா என்று அழைத்த அலுவலகத்துக்கு, வந்தவர் எங்கே நிற்கலாம், எங்கே இறங்கக்கூடாது, தண்ணீர் எந்த நேரத்தில் ஏறும் என்று சொல்லும் கடமை இல்லையா? பாறை மீது வர்ணக் கோடு ஒன்று, கயிறு ஒன்று, உள்ளூர் நீச்சல்காரர் இருவருக்கு ஞாயிற்றுக்கிழமைக் கூலி. கண்காட்சி அரங்கத்துக்கு ஆகும் செலவில் இதெல்லாம் எத்தனை வாரத்துக்கு ஆகும் என்று அதிகாரிகளே கணக்குப் பார்க்கட்டும்.

எலிஃபெண்டா விஷயமும் இப்படியே. 2024 டிசம்பர் 18-ஆம் தேதி, கேட்வேயிலிருந்து தீவுக்குப் போய்க்கொண்டிருந்த பயணிகள் படகு மீது கடற்படையின் விரைவுப் படகு மோதி, பதின்மூன்று பேருக்கு மேல் மாண்டனர். அதற்குப் பிறகுதான் எல்லோரும் உயிர்காப்புச் சட்டை அணிந்தாக வேண்டும் என்ற பேச்சே பலமாக எழுந்தது. படகுக்காரரும் சுற்றுலாவின் பங்காளிதானே? எந்தக் கண்காட்சியிலும் அவருக்கு அரங்கம் கிடையாது. அந்தச் சட்டைகளை வாங்க அவருக்குச் சலுகை விலையில் கடன் தரும் திட்டம் வகுத்தால் அதுவல்லவா தொழிலுக்கு ஆதரவு!

தீவில் குடியிருப்பவர்களும் பங்காளிகளே. காராபுரி என்பது அவர்கள் ஊரின் பெயர். மூன்று குக்கிராமங்கள். மும்பை நகரத்து விளக்குகள் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் இருந்துகொண்டு, 2018 பிப்ரவரி வரை ஜெனரேட்டரை நம்பி இருந்தார்கள். கடலுக்கடியில் ஏழு கிலோமீட்டருக்கு மேல் கேபிள் போட்ட பிறகே முழுநேர மின்சாரம் வந்தது. குகை உலகப் பாரம்பரியச் சின்னமானது 1987-இல். உலகம் பார்க்க வந்து முப்பது ஆண்டு கழித்து ஊருக்கு விளக்கு!

நியாயமாகச் சொன்னால், சிறியவர்களுக்கான திட்டங்கள் காகிதத்தில் இல்லாமல் இல்லை. வீட்டில் ஒரு அறை இரண்டு அறை ஒதுக்கி, காலைச் சிற்றுண்டியோடு விருந்தினரைத் தங்கவைக்கும் திட்டம் இருக்கிறது. விவசாயச் சுற்றுலாவுக்கு 2020-இல் கொள்கை வந்தது. பெண்கள் நடத்தும் சுற்றுலாத் தொழிலுக்கென்று 2023-இல் 'ஆயி' என்ற பெயரில் ஒரு கொள்கை வந்தது. மராத்தியில் ஆயி என்றால் அம்மா. கடனுக்கு வட்டியை அரசே ஏற்பது அதில் முக்கியமான உதவி. மிக நல்ல திட்டம், பாராட்டுகிறோம். ஆனால் மாதுங்காவிலும் செம்பூரிலும் நாலு பேருக்கு மெஸ் நடத்தும் நம் பெண்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? தாராவியில் விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து இட்லி அவித்து நகரம் முழுவதும் அனுப்பும் குடும்பங்களில் எத்தனை பேர் அந்த அலுவலகப் படி ஏறியிருப்பார்கள்?

தாராவியைச் சொன்னதால் ஒன்று. வழிகாட்டிகளோடு வெளிநாட்டார் கூட்டம் கூட்டமாக அங்கே வருகிறார்கள். நம்மவர்கள் தோல் பதனிட்டுப் பை தைப்பதைச் சந்தில் நின்று பார்த்துவிட்டுப் போகிறார்கள். தைக்கிறவனைக் காட்சிப்பொருளாக்குவதா என்று சிலர் கோபப்படுவதும் நமக்குத் தெரியும். அந்தக் கோபத்தில் நியாயம் உண்டு. வருகிறவர் வரத்தான் போகிறார் என்றால், அந்தப் பையை அங்கேயே சரியான விலைக்கு வாங்கிப் போகும்படி ஒரு ஏற்பாட்டையாவது அலுவலகம் செய்யலாம். செய்தால் காட்சிப்பொருளாக இருந்தவர் கடைக்காரர் ஆவார்.

இன்னொரு சந்தர்ப்பமும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. 2025 ஜூலையில், மராட்டியரின் கோட்டைகள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோ அறிவித்தது. இராய்கட், சிவநேரி, பிரதாப்கட், சிந்துதுர்க் உட்படப் பதினொன்று மகாராஷ்டிரத்தில் உள்ளவை. பன்னிரண்டாவது நம் செஞ்சி! 1677-இல் சிவாஜி பிடித்த கோட்டை. பின்னர் அவர் மகன் இராஜாராம் மொகலாயர் முற்றுகையை எட்டு ஆண்டுகள் தாக்குப்பிடித்த இடம். 1698-இல்தான் அது வீழ்ந்தது. மராத்திக்காரர் ஒருவர் அந்தக் கோட்டையைப் பார்க்கப் போகும்போது அவரை அழைத்துப்போக இந்நகரத்துத் தமிழனைவிடப் பொருத்தமான ஆள் யார்? இங்கே நம்மை வெளியார் என்று சில சமயம் பேசுகிறவர்களும் அந்த மலை மீது ஒரு தடவை ஏறிப் பார்க்கலாம்.

2025 ஜூன் 9-ஆம் தேதி மும்பையிலிருந்து சத்ரபதி சிவாஜி பாரத் கௌரவ் ரயில் கிளம்பியது. இராய்கட், சிவநேரி, பிரதாப்கட், பன்ஹாளா என்று ஆறு நாள் பயணம். குளிர்சாதனப் பெட்டியோடு சாதாரண தூங்கும் வசதிப் பெட்டியும் அதில் சேர்க்கப்பட்டிருந்தது. அதற்குக் கட்டணம் சாப்பாடு உட்பட சுமார் 13,000 ரூபாய். மில் தொழிலாளியின் ஓய்வூதியத்தில் இது சுலபம் அல்ல. என்றாலும் சொகுசு ரயிலுக்குப் பக்கத்தில் இதை வைத்துப் பார்த்தால், திசை சரிதான் என்று சொல்வோம். இதே போன்ற ரயில் ஒன்று தெற்கே போய்ச் செஞ்சியையும் தொட்டு வர, மகாராஷ்டிர, தமிழ்நாட்டுச் சுற்றுலாத் துறைகள் இரண்டும் ரயில்வேயோடு கலந்து பேச வேண்டும். பள்ளி விடுமுறையில் விட்டால் இங்குள்ள தமிழ்க் குடும்பங்களே பாதி ரயிலை நிரப்பிவிடுவார்கள்.

இதெல்லாம் நடக்க நாளாகலாம். நாளாகாத காரியம் ஒன்று உண்டு. சி.எஸ்.எம்.டி., தாதர், குர்லா, கல்யாண் நிலையங்களின் டிக்கெட் ஜன்னல் அருகே ஒரு தகரப் பலகை. எந்த இடத்துக்கு எந்த நாள் விடுமுறை, கடைசிப் படகு எப்போது, மழைக்காலத்தில் எங்கே போகக்கூடாது என்று மராத்தி, இந்தி, ஆங்கிலத்தோடு தமிழ், தெலுங்கு, குஜராத்தியிலும் எழுதி வைக்கட்டும். இந்த மொழி பேசுகிறவர்கள் எல்லாம் இதே ஜன்னலில்தான் காசு கொடுத்து டிக்கெட் வாங்குகிறார்கள். பிராந்திய சுற்றுலா அலுவலகமும் ரயில்வே கோட்ட அலுவலகமும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசினால் முடிகிற வேலை இது. இங்குள்ள தமிழ்ச் சங்கங்கள் மொழிபெயர்ப்புக்குக் காசு கேட்கப் போவதில்லை.

அந்தப் பலகை வரும் வரை நம் வாசகர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்: எலிஃபெண்டாவும் அஜந்தாவும் திங்கட்கிழமை திறப்பதில்லை. எல்லோராவுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை.