மிக்-27: விலை கேட்டால் துரோகியா?

எங்கட கம்பஸில் போட்டோக்கொப்பி மெஷின் திருத்தவே மூன்று கொட்டேஷன் கேட்பார்கள். 2006இல் விமானப்படைக்கு உக்ரைனிலிருந்து நான்கு மிக்-27 வாங்கினார்கள். கையிலிருந்த பழைய நான்கைத் திருத்துவதும் அதே ஒப்பந்தத்தில். 2000இல் பழசென்று கழித்தவற்றையே கூடிய விலைக்கு வாங்கியதாக 2007இல் ‘சண்டே லீடர்’ எழுதியது. கணக்கு வரவில்லை, அவதூறு வழக்கு வந்தது. ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்க 2009 ஜனவரியில் கொல்லப்பட்டார்.

குண்டு விழுந்த வன்னிச் சனமும் (அவர்களுக்கு எல்லாமே ‘கிபிர்’தான்) சீனிக்கும் மாவுக்கும் வரி கட்டித்தான் இருந்தது. ‘தேசிய பாதுகாப்பு’ என்று சொல்லி எங்கட வாயைப் பொத்தாதீங்கோ. நாங்கள் கேட்பது இராணுவ இரகசியமல்ல. திருத்திய விமானங்கள் எத்தனை மணித்தியாலம் பறந்தன? மணித்தியாலத்துக்கு எவ்வளவு செலவு? கணக்காய்வாளர் நாயகம் அதை மூன்று மொழியிலும் வெளியிடட்டும்.