வைப்ரேஷன் மெஷின் வாங்கப் போறீங்களா? ‘99 ஸ்பீடு’ பார்த்து ஏமாற வேண்டாம்!

கொடைக்கானலில் மழையும் மூடுபனியும் சேர்ந்துவிட்டால், ஏரியைச் சுற்றி 5 கி.மீ. வாக்கிங் போகிறவர்கள்கூட வீட்டுக்குள் முடங்கிவிடுவார்கள். அப்போதுதான் மொபைலில் அந்த விளம்பரம் கண்ணில் படும்: ‘பத்து நிமிஷம் ஏறி நின்னா போதும், எடை குறையும், மூட்டு வலி போகும்!’ வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள், மலையில் இருக்கும் அப்பா, அம்மாவுக்கு உடனே ஆர்டர் போட்டுவிடுகிறார்கள். விலையை மட்டும் ஒப்பிட்டால் போதுமா?

எதை ஒப்பிடணும்?

இந்த மெஷின்களில் முக்கியமாக இரண்டு வகை. ஒன்று, பிளேட் முழுவதும் மேலும் கீழும் அதிரும். இன்னொன்று, சீசா போல இடது, வலது மாறி மாறி ஏறி இறங்கும். இரண்டிலும் பார்க்க வேண்டியது இரண்டே எண்கள்: விநாடிக்கு எத்தனை அதிர்வு (ஹெர்ட்ஸ்), பிளேட் எத்தனை மி.மீ. நகர்கிறது.

பிளேட் மேலும் கீழுமாக மொத்தம் 4 மி.மீ. நகர்ந்து, 30 ஹெர்ட்ஸில் அதிர்ந்தால், அதன் உச்ச வேகமாற்றம் புவியீர்ப்பைப் போல சுமார் 7 மடங்கு. ஹெர்ட்ஸ் இரு மடங்கானால் இது நான்கு மடங்காகும். ‘1 முதல் 99 வரை ஸ்பீடு’ என்பது வெறும் பட்டன் எண், ஹெர்ட்ஸ் அல்ல.

எலும்பு வலுவாகுமா?

கனடாவின் டொரன்டோவில் மாதவிடாய் நின்ற 202 பெண்களிடம் 12 மாதம் மென்மையான அதிர்வைச் சோதித்தார்கள். 2011-ல் வெளியான முடிவு: எலும்பு அடர்த்தியில் பலன் இல்லை. முதியவர்களின் கால் வலு, சமநிலையில் ஓரளவு பலன் காட்டிய ஆய்வுகள் உண்டு. ஆனால், அவற்றில் பலவற்றில் சும்மா நிற்கவில்லை. முழங்காலை மடக்கி, கண்காணிப்பில் பயிற்சி செய்தார்கள்.

யார் ஏறக் கூடாது?

கர்ப்பிணிகள், பேஸ்மேக்கர் வைத்தவர்கள், காலில் ரத்தக்கட்டு, வலிப்பு, விழித்திரைப் பிரச்சினை, சிறுநீரகக் கல் உள்ளவர்கள், அண்மையில் அறுவை சிகிச்சை செய்தவர்கள் டாக்டரிடம் கேட்காமல் ஏறவே கூடாது. காலை விறைப்பாக நீட்டி நின்றால் அதிர்வு தலைவரை போகும். முதியவர்களுக்கு உறுதியான கைப்பிடி உள்ள மாடலே நல்லது.

வாங்கும் முன்...

ஹெர்ட்ஸ், மி.மீ., தாங்கும் எடை மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். ரிப்பேர் என்றால் ஆள் மலைக்கு வருவாரா, மெஷினைக் கீழே இறக்கணுமா என்பதையும் கேட்டுவிடுங்கள். ஆன்லைனில் விற்பவர் ரிட்டர்ன், வாரண்டி விவரம் தர வேண்டும் என்கின்றன 2020-ம் ஆண்டின் மின்வணிக விதிகள். புகாருக்கு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க 2019-ம் ஆண்டு நுகர்வோர் சட்டத்தில் இடம் இருக்கிறது. நோய் தீரும் என்று விளம்பரம் செய்கிறவர்கள், முதலில் அந்த இரண்டு எண்களைப் பெட்டி மேலே அச்சிடட்டும். அதுவரை, முழங்கால் ஒத்துழைக்கிறவர்களுக்கு ஏரிக்கரையும் பழநி மலையின் 693 படிகளும் இருக்கவே இருக்கின்றன, இஎம்ஐ கிடையாது!