படகுக் கட்டில் தரையோடு நிற்கட்டும்



ஏணியில் ஏறிப் படுக்கும் மேடை, அதன் கீழே படிக்கும் மேசை, முகப்பில் கப்பலோ கோட்டையோ ரயிலோ போன்ற உருவம்: சிறு குழந்தையின் அறைக்கென இவ்வாறு செய்யப்படும் பரண்கட்டில்களைப் பெற்றோர் பலரும் இன்று விரும்புகின்றனர். கடல் கடந்து உழைக்கும் தந்தையர் பலரைக் கொண்டது கோட்டக்குப்பம். கைபேசியில் கண்ட படத்தைத் தந்தை அனுப்ப, உள்ளூர் ஆசாரி அதைப் பார்த்தே கட்டிலைச் செய்து தருகிறார். இதன் பின்னுள்ள அன்பை நாங்கள் மதிக்கிறோம். எனினும், ஆறு வயது நிறையாத குழந்தை உயரக் கட்டிலில் உறங்கலாகாது என்பதே எங்கள் உறுதியான கருத்து.

“வெளிநாடுகளில் எல்லாரும் பயன்படுத்துகிறார்களே?” என்று கேட்கலாம். அந்நாடுகளே இதற்கு வரம்பு விதித்துள்ளன. அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் கழகம், ஆறு வயதுக்குட்பட்டோரை மேல்தளப் படுக்கையில் படுக்கவைக்க வேண்டாம் என்கிறது. அடுக்குக் கட்டில்களுக்கென அமெரிக்க அரசு 1999இல் வகுத்த கட்டாய விதியின்படி, அவ்வெச்சரிக்கை கட்டிலிலேயே எழுதப்பட வேண்டும். ஐரோப்பியத் தரவிதியும் அதே வயதையே குறிக்கிறது. கைபேசிப் படத்தில் அழகு தெரிகிறது. எச்சரிக்கைச் சீட்டு தெரிவதில்லை.

உயரத்தை நாங்கள் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. 42,000க்கும் மேற்பட்ட குழந்தைகளை ஆராய்ந்து 2009இல் வெளியான வட அமெரிக்க ஆய்வு ஒன்றின் அடிப்படையில், தலைக்காயத்தை மதிப்பிடும் முறை வகுக்கப்பட்டது. இரண்டு வயதுக்கு மேற்பட்ட குழந்தை 1.5 மீட்டருக்கு மேலிருந்து விழுந்தால், அதைக் கடுமையான வீழ்ச்சியாக அம்முறை கொள்கிறது. இரண்டு வயது நிறையாத குழந்தைக்கோ அந்த அளவு 0.9 மீட்டர்தான். கீழே மேசை வைக்கும்படி செய்த பரண்கட்டிலின் மெத்தை ஏறத்தாழ 1.5 மீட்டர் உயரத்தில் அமைகிறது. நள்ளிரவில் சிறுநீர் கழிக்கவோ தாயைத் தேடியோ அரைத்தூக்கத்தில் இறங்கும் குழந்தைக்கு ஏணியின் படி எங்கே என்று தெரியாது.

நம் வீடுகளில் மற்றுமோர் ஆபத்து தலைக்கு மேலேயே சுழல்கிறது. நம் நாட்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு, வசிக்கும் அறைக்குக் குறைந்தது 2.75 மீட்டர் உயரம் வேண்டும் என்கிறது. மின்விசிறியின் இறக்கை கூரையிலிருந்து 30 சென்டிமீட்டர் கீழே இருந்தால், அது தரையிலிருந்து 2.45 மீட்டரில் சுழலும். ஐந்து வயதுக் குழந்தையின் உயரம் ஏறத்தாழ 1.1 மீட்டர். 1.5 மீட்டர் உயர மெத்தையில் அது எழுந்து நின்றால் தலை 2.6 மீட்டரை எட்டுகிறது. இக்கடலோரப் புழுக்கத்தில் விசிறியை நிறுத்திவிட்டு உறங்குவோர் யார்?

“அறை சிறியது, இடம் மிச்சமாகுமே” என்பது நியாயமான வாதம். தாழ்ந்த கட்டிலின் அடியில் இழுப்பறைகள் அமைத்தால், துணிகளும் விளையாட்டுப் பொருள்களும் அங்கே அடங்கும். குழந்தை விரும்பும் உருவத்தையும் கைவிட வேண்டியதில்லை. கரையில் நிற்கும் படகை அன்றாடம் காணும் குழந்தைக்குப் படகுக் கட்டிலே செய்து தரலாம். மெத்தை தரையிலிருந்து 40 சென்டிமீட்டருக்குள் இருக்கட்டும். முகப்பைப் பிளைவுட்டில் வளைத்து, முனைகளை மழுக்கி, பாய்மரத்தைச் சுவரில் வண்ணமாகத் தீட்டலாம். ஏணி இல்லாமலேயே குழந்தை அதில் கடலுக்குப் போய் வரும்.

பிற்காலத்தில் கால்களை மாற்றி உயர்த்தும்படி, சட்டங்களை ஆணியடிக்காமல் போல்ட் கொண்டு இணைக்குமாறு ஆசாரியிடம் கூறுங்கள். உப்புக்காற்றுக்குத் துருப்பிடிக்காத எஃகு போல்ட்டே ஏற்றது. ஆறு வயது நிறைந்த பின் கட்டிலை உயர்த்துவோர் கீழ்க்கண்டவற்றைக் கவனிக்க வேண்டுகிறோம்.

தடுப்புச்சட்டம் மெத்தையின் மேற்பரப்புக்கு மேல் குறைந்தது 5 அங்குலம் நிற்க வேண்டும் என்பது அமெரிக்க விதி. தடித்த மெத்தை இந்தப் பாதுகாப்பை விழுங்கிவிடும். தடுப்பின் இடைவெளிகள் மூன்றரை அங்குலத்துக்கும் குறைவாக இருக்கட்டும். அதற்கு மேற்பட்ட இடைவெளியில் உடல் நுழைந்து தலை சிக்கிக்கொள்ள வாய்ப்புண்டு. ஏணிப்படிகள் தட்டையாகவும் அகலமாகவும் அமையட்டும். கூரை விசிறியை அகற்றிவிட்டு, கைக்கு எட்டாத இடத்தில் வலைக்கூண்டுடைய சுவர் விசிறியைப் பொருத்துங்கள். இரவில் சிறு விளக்கு எரியட்டும். துப்பட்டா, சேலை, கயிறு ஆகியவற்றைக் கட்டிலில் தொங்கவிடாதீர்கள். கழுத்தில் சுற்றினால் உயிருக்கே ஆபத்து. தம்பி தங்கைக்குத் தூளி கட்டவும் அக்கட்டிலைப் பயன்படுத்தாதீர்கள். அவர்கள் ஏறாதபடி பகலில் ஏணியைக் கழற்றி வையுங்கள்.

முன்பே உயரக் கட்டில் செய்துவிட்டவர்கள் வருந்த வேண்டியதில்லை. கால்களை அறுத்துத் தாழ்த்துவது ஆசாரிக்கு எளிய வேலைதான். அதுவரை குழந்தை கீழே பாயில் உறங்கட்டும்.

குழந்தை விழுந்துவிட்டால், நினைவிழத்தல், மீண்டும் மீண்டும் வாந்தி, வலிப்பு, எழுப்பியும் தெளியாத தூக்கக்கலக்கம், காதிலோ மூக்கிலோ இரத்தம் அல்லது நீர் கசிதல், தீராத தலைவலி ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் தாமதியாமல் மருத்துவமனைக்கு வாருங்கள். கழுத்து வலித்தாலோ கைகால் அசையாவிட்டாலோ குழந்தையைத் தூக்காமல், அசையவிடாமல் 108ஐ அழையுங்கள்.

கட்டில் செய்யும் எண்ணமுள்ள பெற்றோர், அறையின் உயரத்தையும் விசிறியின் உயரத்தையும் குறித்துக்கொண்டு, அடுத்த முறை குழந்தையை அழைத்து வரும்போது எங்களிடம் காட்டுங்கள். ஆசாரியிடம் முன்பணம் கொடுப்பதற்கு முன் ஒருமுறை கலந்து பேசிவிடலாம்.