அலுத்த உடம்பும் வராத தூக்கமும்

திருநெல்வேலிச் சீமையில் ஒருவர் ராத்திரி தூக்கம் பிடிக்கவில்லை என்று வாய் திறந்தால் போதும், கேட்பவர் மச்சினனோ டீக்கடைக்காரரோ, எல்லோரிடமும் ஒரே மருந்துதான் இருக்கும்: "உடம்பு அலுக்க வேலை பாரும்வே, தூக்கம் தன்னால வரும்." சொல்பவருக்குக் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. ஆனாலும் அந்த ஒரு வரிக்குள் நீர் உழைக்கவில்லை என்ற குற்றச்சாட்டும், உழைத்தால் தூங்கிவிடுவீர் என்ற வாக்குறுதியும் சேர்ந்தே இருக்கின்றன. குற்றச்சாட்டு பெரும்பாலும் பொய். வாக்குறுதி பாதி நேரம் பலிப்பதில்லை. தூக்கமின்மை ஏசி அறைக்காரர்களின் சொகுசு வியாதி, வயலிலும் மில்லிலும் பாடுபடுகிறவனை அது அண்டாது என்ற இந்த நம்பிக்கை, தூங்காமல் தவிப்பவரைத் தப்பான வழியில் அனுப்புகிறது. உழைத்தும் தூங்க முடியாதவரை நம் கண்ணிலிருந்தே மறைத்துவிடுகிறது.

உழைப்பாளிகள் உண்மையில் எப்படித் தூங்குகிறார்கள் என்று அளந்து பார்த்திருக்கிறார்கள், அதுவும் சென்னையிலேயே. பெட்ரோ பெஸோனே, கௌதம் ராவ், ஃபிராங்க் ஷில்பாக், ஹெதர் ஸ்கோஃபீல்ட், மாட்டி டோமா என்ற ஐந்து பொருளியலாளர்கள் 2021-இல் வெளியிட்ட ஆய்வு அது. குறைந்த வருமானக்காரர்கள் 452 பேருக்குக் கணினியில் தரவு பதியும் வேலை கொடுத்து, கையில் கடிகாரம் போன்ற கருவியைக் கட்டிவிட்டு, ஏறத்தாழ ஒரு மாதம் அவர்களுடைய இரவுகளைக் கணக்கெடுத்தார்கள். அவர்கள் படுக்கையில் கிடந்தது சராசரியாக எட்டு மணி நேரம். தூங்கியது ஐந்தரை மணி நேரம். மீதி இரண்டரை மணி நேரம் கொசுவோடும் புழுக்கத்தோடும் சத்தத்தோடும் துண்டு துண்டாகக் கழிந்தது. அடுத்து நடந்ததுதான் கவனிக்க வேண்டியது. ஒரு பகுதியினருக்கு அறிவுரையும் தலையணை, கண்மூடி, காதடைப்பான் போன்ற வசதிகளும் கொடுத்தார்கள். சிலருக்குக் கூடுதலாகத் தூங்கினால் காசும் கொடுத்தார்கள். அவர்கள் இன்னும் அதிக நேரம் படுத்துக் கிடந்து, இரவுக்கு 27 நிமிடம் கூடுதலாகத் தூங்கினார்கள். அதனால் வேலைத்திறனிலோ சிந்தனையிலோ மனநிலையிலோ சொல்லும்படியான மாற்றம் எதுவும் தென்படவில்லை. மாறாக, மதியம் வேலை இடத்திலேயே அரை மணி நேரம் கண்ணயர இடம் கிடைத்தவர்களுக்கு மூன்றுமே கூடின. ஏழைப் பாட்டாளி கட்டாந்தரையிலும் மரக்கட்டையாகத் தூங்குவான் என்று சினிமாவும் மேடைப்பேச்சும் காட்டிய படம் இந்த எண்களுக்கு முன்னால் நிற்காது.

இது பட்டணத்துக் கதை, தாமிரபரணி ஆற்றங்கரைக்கு ஒத்துவராது என்று சிலர் சொல்லலாம். ஆற்றங்கரைக்கே வருவோம். மேலப்பாளையம், முக்கூடல், ஆலங்குளம் வட்டாரங்களில் பீடி சுற்றும் பெண்களை எடுத்துக்கொள்ளுங்கள். கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்பதால் சமையல், பிள்ளைகள், தண்ணீர் எல்லாம் முடிந்த பிறகும் சுளவு (முறம்) மடியை விட்டு இறங்காது. புகையிலைத் தூளிலிருந்து நிக்கோட்டின் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உடம்பில் ஏறும். அது தூக்கத்தைக் கலைக்கும் சரக்கு. அலுப்புக்கு அங்கே குறைவில்லை, ஆனால் அந்த அலுப்பே தூக்கத்தைக் கெடுக்கும் வேலையிலிருந்து வருகிறது. விக்கிரமசிங்கபுரத்தில் 1880-களில் தாமிரபரணியின் நீர்விசையை நம்பி ஹார்வி கம்பெனி எழுப்பிய பஞ்சாலை முதல் இன்றைய கங்கைகொண்டான் சிப்காட் வரை ஷிப்டுக்குப் பிழைக்கும் குடும்பங்களைக் கேட்டாலும் இதே கதைதான். இரவு முழுக்க நின்று வேலை பார்த்தவர் காலையில் வந்து படுத்தால் நாலைந்து மணி நேரத்தில் முழிப்புத் தட்டிவிடுகிறது. அவரைவிட அலுத்தவர் யார்? ஆனாலும் பகல் தூக்கம் இரவுத் தூக்கத்தின் அளவை எட்டுவதில்லை. கத்திரி வெயிலில் பாளையங்கோட்டையின் காங்கிரீட் வீடு பகல் சூட்டை நடுச்சாமம் வரை கக்கிக்கொண்டிருக்கும். உள்ளுடம்பின் சூடு இறங்கினால்தான் தூக்கம் பிடிக்கும் என்பதால், அந்த வீட்டில் கொத்தனாரும் கணக்காளரும் ஒரே மாதிரிதான் புரள்வார்கள்.

ஏன் இப்படி? அலெக்சாண்டர் போர்பெய் என்ற ஆய்வாளர் 1982-இல் முன்வைத்த விளக்கம் இன்றும் தூக்க மருத்துவத்தின் அடித்தளம். விழித்திருக்கும் ஒவ்வொரு மணிக்கும் தூக்கத்துக்கான அழுத்தம் மூளையில் ஏறுகிறது, காரையாறு அணையில் நீர் ஏறுவது போல. அதற்கு இணையாக உடம்புக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது. அதைத் திருத்துவது முக்கியமாகக் காலை வெளிச்சம். அழுத்தம் நிறைந்திருக்கும் நேரமும் கடிகாரம் இரவென்று சொல்லும் நேரமும் பொருந்தும்போது தூக்கம் வருகிறது. கவலையோ பயமோ உடம்பை உசுப்பிவிட்டால் இரண்டும் பொருந்தியும் வராமல் போகலாம். இந்தக் கணக்கில் எத்தனை மூட்டை தூக்கினோம் என்பதைவிட எத்தனை மணிக்கு எழுந்தோம் என்பதற்குத்தான் மதிப்பு அதிகம். மாலை ஆறு மணிக்கு அலுத்துப்போய்த் திண்ணையில் ஒரு மணி நேரம் கண்ணயர்ந்தவர், சேர்ந்த அழுத்தத்தை அங்கேயே திறந்துவிட்டுவிட்டார். பதினொரு மணிக்கு அவர் பாயில் கிடந்து விட்டத்தைப் பார்ப்பதில் ஆச்சரியம் இல்லை. சென்னை ஆய்வின் மதியத் தூக்கம் இரவில் குறைவாகத் தூங்குகிறவர்களுக்கு உதவியது; படுத்தும் தூக்கம் வராதவருக்கு அதே அரை மணி நேரம் இரவுக் கணக்கிலிருந்து கழிந்துபோகும்.

அலுப்பு நம்பிக்கையின் உடன்பிறப்பு ஒன்று உண்டு: நேற்று தூங்கவில்லையா, இன்று எட்டு மணிக்கே போய்ப் படு என்பது. தூக்கமின்மை நாள்பட்டுப் போவதற்கு இதைவிடப் பெரிய துணை இல்லை. படுக்கையும் விழிப்பும் மாதக்கணக்கில் சேர்ந்தே இருந்தால், படுக்கையைக் கண்டதும் விழித்துக்கொள்ள மூளை பழகிவிடுகிறது. ரிச்சர்ட் பூட்சின் என்ற ஆய்வாளர் 1972-இல் சொன்ன வழி இதை எதிர்த்துதான்: தூக்கம் கண்ணைச் சொக்கும்போது மட்டும் படுங்கள், கொஞ்ச நேரத்தில் வராவிட்டால் எழுந்து வேறிடத்தில் உட்காருங்கள், எந்த இரவு எப்படிப் போனாலும் காலையில் ஒரே நேரத்தில் எழுந்திருங்கள். ஆர்தர் ஸ்பீல்மன் என்ற இன்னொரு ஆய்வாளர் 1987-இல் இன்னும் ஒரு படி போனார். பத்து மணியிலிருந்து ஆறு மணிவரை படுத்து ஐந்தரை மணி நேரமே தூங்குகிறவர், பன்னிரண்டரை மணிக்குப் படுத்து ஆறு மணிக்கு எழட்டும் என்றார். முதல் ஒன்றிரண்டு வாரம் கஷ்டம்தான், பகலில் கண் எரியும். படுத்த நேரத்தில் பெரும்பகுதி தூக்கமாக மாறிய பிறகு கால் மணி, கால் மணியாகப் படுக்கை நேரத்தைக் கூட்டுவார்கள். தூக்கத்தைப் பற்றிய பயங்களையும் பேசித் தெளிவிக்கும் சிகிச்சையோடு இந்த இரண்டு வழிகளையும் சேர்த்து, நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்பே இதைத்தான் முதலில் கொடுக்க வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016-இல் அறிவித்தது. ஒரே நேரத்தில் எழுவது நெல்லைக்காரருக்கு எளிது என்பதையும் சொல்லவேண்டும். வருடம் முழுக்க இங்கே சூரியன் ஆறு மணிக்கும் ஆறே முக்காலுக்கும் நடுவில் உதித்துவிடுகிறது. குளிர்காலத்தில் எட்டு மணிவரை இருட்டில் கிடக்கும் பூமியின் வடகோடி நாட்டவருக்கு அந்த வெளிச்சம் கிடையாது.

உடற்பயிற்சி தூக்கத்துக்கு நல்லது என்று மருத்துவர்களே சொல்கிறார்களே என்று கேட்கலாம். உண்மைதான். ஒழுங்காக நடப்பதும் நீந்துவதும் தூக்கத்தை ஓரளவு மேம்படுத்தும் என்பதற்குச் சான்று உண்டு. ஆனால் தானாக விரும்பிக் குறுக்குத்துறையில் ஆற்றோரம் நடப்பதும், கூலிக்காக இடுப்பு ஒடியச் சுமப்பதும் உடம்புக்கு ஒன்றல்ல. சுமந்த வலியே பலரை ராத்திரி எழுப்பிவிடுகிறது. பழைய காலத்து ஆட்கள் நன்றாகத் தூங்கவில்லையா என்பது இன்னும் வலுவான கேள்வி. நம் பாட்டன்மார் தூங்கிய நேரத்தை யாரும் அளக்கவில்லை. ஆனால் தான்சானியா, நமீபியா, பொலிவியாவில் மின்விளக்கில்லாமல் வாழும் மூன்று சமூகங்களை அளந்து காந்தி யெடிஷ், ஜெரோம் சீகல் குழுவினர் 2015-இல் எழுதினார்கள். அவர்களிடம் தூக்கமின்மை மிக அரிது. அந்த அளவில் பழைய காலத்துக் கட்சிக்கு வெற்றி என்றே வைத்துக்கொள்ளலாம். ஆனால் அவர்கள் பொழுது சாய்ந்ததும் படுப்பதில்லை. சூரியன் மறைந்து சராசரியாக மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆன பிறகே தூங்குகிறார்கள். தூங்குவதும் ஐந்தே முக்காலிலிருந்து ஏழு மணி நேரம்தான். எழும் நேரம் நாளுக்கு நாள் பெரிதாக மாறுவதில்லை, சூடு இறங்கும் பொழுதில் தூங்கி, குளிர் உச்சத்தைத் தொடும் விடியலில் எழுகிறார்கள். எட்டு மணி நேரம் கட்டாயம் என்ற கணக்கும் அதோடு சேர்ந்து அடிபட்டுப் போகிறது. அந்த எட்டு மணி நேரத்தை எண்ணி எண்ணியே தூக்கத்தைத் தொலைத்தவர்கள் நிறையப்பேர்.

உழைத்தும் தூக்கம் வராதவர் அடுத்துப் போகிற இடங்கள் இரண்டு. டாஸ்மாக்கில் கிடைக்கும் குவார்ட்டர் கண்ணை மூட வைத்துவிட்டுப் பின்னிரவில் எழுப்பிவிடும். மருந்துக்கடை மாத்திரையோ சில வாரங்களில் பழக்கமாகிவிடக்கூடும். அல்பிரசோலம் போன்றவை மருந்து விதிகளின் எச்-1 அட்டவணையில் வருவதால் மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது, விற்றதைத் தனிப் பதிவேட்டில் குறித்து மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. படுக்கை நேரத்தைக் குறைக்கும் வழியும் எல்லோருக்கும் ஏற்றதல்ல. வலிப்பு, இருதுருவ மனநோய் உள்ளவர்களும், ராத்திரி லாரியும் பஸ்ஸும் ஓட்டுகிறவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அதில் இறங்கக் கூடாது. பலத்த குறட்டையும் மூச்சுத் திணறலும் இருந்தால் அது வேறு நோய், அதற்குச் சிகிச்சையும் வேறு. பீடி சுற்றும் பெண்ணுக்கு எந்தப் படுக்கைப் பயிற்சியும் போதாது. ஆயிரத்துக்கான கூலி உயர்ந்தால்தான் அவள் சுளவைப் பத்து மணிக்காவது கீழே வைக்க முடியும். மற்றவர்கள் பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம், அல்லது 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் காசில்லாமல் தமிழிலேயே பேசலாம். அங்கே போய்த் தூக்கம் வரவில்லை என்று சொல்பவரைச் சோம்பேறி என்று பேசுவதை மட்டும் நாம் நிறுத்திக்கொள்வோம்.