தோற்றவனுக்கும் ஒரு பங்கு

தியானப் பகுதி: லூக்கா 14:28-32, 1 சாமுவேல் 30:21-25



நம் பிள்ளைகள் கைப்பேசியிலோ கணினியிலோ எந்தச் சுடும் விளையாட்டை விளையாடினாலும், பெற்றோராகிய நாம் அதற்கு ஒரே பெயரைத்தான் வைத்திருக்கிறோம்: பப்ஜி. 2020 செப்டம்பரில் மத்திய அரசு அந்த விளையாட்டைத் தடை செய்தது. மறு ஆண்டே அது இந்தியாவுக்கென்று வேறு பெயருடன் திரும்பி வந்தது. இதற்கிடையில் வேறு எத்தனையோ விளையாட்டுகள் வந்துவிட்டன. நம் நாவில் பழைய பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. பெயரே தெரியாத ஒன்றைக் கண்டிக்கிறபடியால், நம் கண்டிப்பும் பிள்ளைகளின் காதில் ஏறுவதில்லை.

அந்த விளையாட்டுகளைப் பாவம் என்றோ புண்ணியம் என்றோ தீர்ப்பிடுவது இந்த வாரத் தியானத்தின் நோக்கமன்று. அவற்றில் ஒன்றின் உள்ளே பணம் எவ்வாறு நடத்தப்படுகிறது என்பதை நம் வாலிபரிடம் கேட்டு அறிந்தேன். அதில் அடங்கியிருக்கும் ஒரு நியாயம், சபையாகிய நம்மைக் கேள்வி கேட்கிறது என்பதே நான் உங்கள்முன் வைக்கும் கருத்து.

அவ்விளையாட்டின் பெயர் வாலரண்ட். ரயட் கேம்ஸ் என்னும் அமெரிக்க நிறுவனம் 2020 ஜூன் மாதத்தில் அதை வெளியிட்டது. சென்னையிலிருந்து இயங்கும் ஸ்கைஸ்போர்ட்ஸ் போன்ற அமைப்புகள் இதற்கும், இதற்கு மூத்ததான கவுண்டர்-ஸ்ட்ரைக்குக்கும் போட்டிகள் நடத்தியிருக்கின்றன. அணிக்கு ஐவர். ஓர் அணி குண்டு வைக்க முயலும், மற்றது தடுக்கும். 13 சுற்றுகளை முதலில் வெல்லும் அணிக்கே ஆட்டம். ஆளுக்குப் பன்னிரண்டென்று சமமாய் நின்றால் மட்டும் ஆட்டம் நீளும். ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னே ஆயுதமும் கவசமும் வாங்கிக்கொள்ளச் சிறிது நேரம் உண்டு. வாங்குவதற்குரிய பணத்திற்குக் கிரெடிட் என்று பெயர். அது விளையாட்டுக்குள் மட்டுமே செல்லும்; ஆட்டம் முடிந்தால் அதற்கு மதிப்பில்லை.

முதற்சுற்றில் பத்துப் பேருக்கும் ஒரே தொகை: 800. இதைப் பிஸ்டல் ரவுண்ட் என்பார்கள். சாதாரணக் கைத்துப்பாக்கி ஒன்று இலவசமாகவே கையில் இருக்கும். அதைவிட நல்லது 500. அதனினும் வலியது 800. இலேசான கவசம் 400. வலிய துப்பாக்கியை வாங்கினால் கவசத்திற்குப் பணமில்லை. கவசத்தை வாங்கினால் மீதி 400-ஐப் புகைத்திரை போன்ற உதவிகளுக்குச் செலவிடலாம். ஆனால் கையில் இருப்பது இலவசத் துப்பாக்கிதான். எல்லாம் வேண்டும் என்கிறவனுக்கு இங்கே இடமில்லை. ஆகவே தேர்ந்த அணியினர் துப்பாக்கியைத் தொடுமுன்னே பேசிக்கொள்கிறார்கள்: முன்னே போகிறவன் யார், அவனுக்குத் திரையிடுகிறவன் யார், யாருக்கு எது போதும் என்று.

பத்தாயிரம் பேரோடு இருபதாயிரம் பேரை எதிர்க்கப் போகும் ராஜா, முதலாவது உட்கார்ந்து ஆலோசனை பண்ணவேண்டும் என்று ஆண்டவர் சொன்ன உவமையை நாம் அநேகந்தரம் வாசித்திருக்கிறோம். கோபுரம் கட்டப் புறப்பட்டவனுக்கும் அதே புத்திமதிதான். ஆயினும் திருமணத்திற்கும் காதுகுத்துக்கும் மஞ்சள் நீராட்டுக்கும் கடன் வாங்கும்போது, நம்மில் எத்தனை வீடுகளில் அந்த உட்காருதல் நடக்கிறது? 800 கிரெடிட்டுக்கு ஐந்து பேர் கலந்து பேசுகிறார்கள். எட்டு லட்ச ரூபாய்க்குத் தகப்பன் தனியே கையெழுத்திடுகிறார். தாய்க்கும் பிள்ளைக்கும் தவணை தொடங்கிய பின்பே தெரிகிறது.

இனி இரண்டாம் சுற்று. ஞானமும் பதற்றமும் பிரியும் இடம் இதுவே. முதற்சுற்றில் தோற்றவனிடம் கையிருப்பு ஒன்றுமில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். தோல்விக்குரிய தொகையாக அவனுக்கு 1,900 கிடைக்கும். ரோஷத்தினால் அதை அப்பொழுதே செலவழித்து, நடுத்தரமான ஓர் ஆயுதத்தை வாங்கி மறுபடியும் தோற்றால், அடுத்துக் கிடைப்பது 2,400. நல்ல துப்பாக்கியின் விலையோ 2,900. மூன்றாம் சுற்றிலும் அவன் வெறுங்கையன். மாறாக, இரண்டாம் சுற்றில் ஒன்றும் வாங்காமல் பொறுத்துக்கொண்டால் 1,900-உம் 2,400-உம் சேர்ந்து 4,300 ஆகும். 2,900-க்குத் துப்பாக்கியும் 1,000-க்குக் கனத்த கவசமும் வாங்கி, இன்னும் 400 மீதி வைப்பான்.

இப்படிப் பொறுத்துக்கொள்ளும் சுற்றுக்கு ஈகோ ரவுண்ட் என்று பெயர். எக்கானமி என்பதன் சுருக்கம் அது. அகந்தையைக் குறிக்க நாம் வழங்கும் ஈகோவுக்கும் இதற்கும் உச்சரிப்பு ஒன்றாயிருக்கிறது, பொருளோ நேரெதிர். அகந்தையை அடக்கினவனே ஈகோ ரவுண்டை ஆட முடியும். அதையும் ஐவரும் ஒருமனப்பட்டு ஆடவேண்டும். நால்வர் சேமிக்க ஒருவன் மட்டும் செலவழித்தால், மூன்றாம் சுற்றில் நால்வர் ஆயுதத்தோடு நிற்பார்கள்; ஒருவன் அவர்களுக்குப் பாரமாவான்.

காசிமேட்டுக் குடும்பங்களுக்கு இந்தப் பொறுமை புதிதன்று. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் நம் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. மீன் குஞ்சு பொரித்துப் பெருகும்படி எல்லாரும் ஒருமித்து நிற்கும் காலம் அது. ஒருவர் மட்டும் களவாய்ப் போனால் அந்த ஒழுங்கே குலைந்துபோகும். கரையில் படகையும் வலையையும் பழுதுபார்த்துக் காத்திருப்பவர்களுக்கு, ஈகோ ரவுண்டின் பொருளை எந்த வாலிபனும் விளக்கத் தேவையில்லை.

பிரியமானவர்களே, இதுவரை சொன்னவை விவேகத்தின் பாடங்கள். என் மனதைத் தைத்தவை வேறு இரண்டு விதிகள்.

முதலாவது, ஒருவன் தன் பணத்தில் மற்றவனுக்கு ஆயுதம் வாங்கிக் கொடுக்கலாம். பணமில்லாதவன், இது எனக்கு வேண்டும் என்று திரையில் தெரிவிப்பான். இருக்கிறவன் வாங்கிக் கொடுப்பான். திரும்பக் கொடுக்கும் கணக்கு கிடையாது. திறமையில் முந்தினவன் குவித்து வைத்திருக்க, கூட்டாளி வெறுங்கையனாய் நின்றால், அந்த அணியைப் பார்த்து மற்றவர்கள் நகைப்பார்கள். மேலும் ஒருவன் 9,000 கிரெடிட்டுக்கு மேல் வைத்திருக்கவே முடியாது. குவிப்பதற்கு அங்கே எல்லை உண்டு.

சிக்லாகைக் கொளுத்திய அமலேக்கியரைத் தாவீது பின்தொடர்ந்தபோது, அவனோடிருந்த அறுநூறு பேரில் இருநூறு பேர் விடாய்த்துப்போய்ப் பேசோர் ஆற்றண்டை தங்கிவிட்டார்கள். நானூறு பேர் போய் வென்று திரும்பினார்கள். எங்களோடு வராதவர்களுக்குக் கொள்ளையில் பங்கில்லை என்று சிலர் வழக்காடினார்கள். யுத்தத்துக்குப் போனவனுக்கும் தளவாடங்களைக் காத்தவனுக்கும் பங்கு சரிசமம் என்று தாவீது தீர்ப்புச் சொன்னான். அது இஸ்ரவேலில் பிரமாணமாயிற்று. அந்த இருநூறு பேர் சோம்பேறிகளல்லர். களைத்தவர்கள். களைத்தவனையும் சோம்பேறியையும் ஒன்றாய் எண்ணுவதே அந்தச் சிலருடைய பொல்லாப்பு.

இரண்டாவது விதி இன்னும் ஆழமானது. வெற்றி பெற்ற அணியில் ஒவ்வொருவனுக்கும் 3,000 கிடைக்கும். எத்தனை முறை தொடர்ந்து வென்றாலும் அது கூடுவதில்லை. தோற்ற அணிக்கு முதல் தோல்வியில் 1,900. தொடர்ந்து இரண்டாவது முறை தோற்றால் 2,400. மூன்றாவது முறையிலிருந்து 2,900. வீழ்ச்சி நீள நீளக் கை கொடுத்தலும் கூடுகிறது. முதற்சுற்றில் தோற்றவன் ஆட்டம் முழுவதும் தோற்றுக்கொண்டே இருந்தால் அது ஆட்டமாகாது என்று அதை அமைத்தவர்கள் உணர்ந்திருக்கிறார்கள். கவுண்டர்-ஸ்ட்ரைக்கிலும் இதைப் போன்ற ஏற்பாடு உண்டு. இது இரக்கத்தினால் செய்ததன்று. ஆட்டம் ஆட்டமாய் நிலைக்கும்படி செய்தது. ஆனாலும் விளைவைப் பாருங்கள்.

இப்பொழுது நம் தெருவைப் பாருங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர் முகத்துவாரத்திலும் பரவியது. படகும் வலையும் கறுத்தன, தொழில் நின்றது. அப்படிப்பட்ட நாளில் முதல் வாரம் நகை அடகுக்குப் போகும். இரண்டாம் வாரம் பத்து வட்டி. மூன்றாம் வாரம் மீட்டர் வட்டி. திருவொற்றியூரிலும் மணலியிலும் ஒப்பந்த வேலை நின்றுபோனவனுக்கும் இதுவே வரிசை. கந்துவட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-இலேயே சட்டம் இயற்றப்பட்டது. ஆயினும் வட்டிக்காரன் வாசலுக்கு வந்துகொண்டுதான் இருக்கிறான். ஒரு முறை தோற்றவனிடம் கொஞ்சம் எடுக்கிறார்கள்; மறுபடி தோற்றவனிடம் அதிகம் எடுக்கிறார்கள்; மூன்றாம் முறை தோற்றவனிடம் மிச்சமிருக்கும் வீட்டுப் பத்திரத்தையும் எடுக்கிறார்கள். விளையாட்டின் விதியை அப்படியே தலைகீழாக்கினால் நம் ஊரின் நடைமுறை வந்துவிடுகிறது.

உன் சகோதரன் தரித்திரப்பட்டுக் கை இளைத்துப்போனால் அவனை ஆதரிக்கவும், அவனிடத்தில் வட்டி வாங்காதிருக்கவும் லேவியராகமம் 25-ஆம் அதிகாரம் கட்டளையிடுகிறது. தடைக்கால நிவாரணமாக அரசு ஒரு குடும்பத்திற்குக் கொடுக்கும் 8,000 ரூபாய் ஒரு சிறு கைகொடுத்தல். மீதியைச் செய்யவேண்டியவர்கள் யார்? சபையில் ஏழைகள் நிதி என்று ஒன்று இருக்கிறது. பெரும்பாலும் அது எப்போது திறக்கிறது? மருத்துவமனைக்குப் போன பிறகு. அல்லது மரண வீட்டில். முதல் தோல்வியில் அது திறப்பதில்லை. நகை அடகுக்குப் போகும் அந்த முதல் வாரத்தில், சிறிய தொகை ஒரு குடும்பத்தைக் காப்பாற்றும். மீட்டர் வட்டி தொடங்கிய பின்பு பெரிய தொகையும் காப்பாற்றாது. ஆகவே, வேலை நின்ற முதல் வாரத்திலேயே, விண்ணப்பம் எழுதி வரிசையில் நிற்கவைக்காமல், வட்டியின்றிக் கொடுக்கும்படி அந்த நிதியின் ஒழுங்கை மாற்றவேண்டும் என்பது என் தாழ்மையான, ஆயினும் உறுதியான கருத்து. தொடர்ந்து இரண்டாம் மாதமும் ஒருவர் துன்பப்பட்டால், "மறுபடியுமா வந்தீர்கள்?" என்று கேட்பதை விட்டு, முன்னிலும் அதிகமாய்க் கொடுக்கக் கற்றுக்கொள்ளவேண்டும்.

துப்பாக்கி விளையாட்டிலிருந்தா நீதியைக் கற்பது என்று சிலர் கேட்கலாம். அநீதியுள்ள உக்கிராணக்காரனைக் காட்டி ஆண்டவர் ஒளியின் பிள்ளைகளுக்குப் போதித்தார்; அவனுடைய அநீதியை அவர் மெச்சவில்லை. நானும் சுடுவதை மெச்சவில்லை. ஐரோப்பாவில் வாலரண்டுக்கு 16 வயது என்று தரம் குறித்திருக்கிறார்கள். பத்து வயதுப் பிள்ளையின் கையில் அதைக் கொடுத்துவிட்டு நிம்மதியாய்த் தொலைக்காட்சி பார்ப்பது பெற்றோரின் குற்றமே. நள்ளிரவு வரை ஆடுகிறவன் காலையில் படிக்கவும் மாட்டான், ஜெபிக்கவும் மாட்டான். துப்பாக்கிக்கு வண்ணம் பூசும் ஸ்கின் என்பதற்கு மெய்யான பணம் செல்கிறது. அதனால் குறி ஒன்றும் கூர்மையாவதில்லை. பணம் கட்டி ஆடும் விளையாட்டுகளோ முற்றிலும் வேறு. 2025 ஆகஸ்டில் நிறைவேறிய மத்தியச் சட்டம் இ-ஸ்போர்ட்ஸை ஒரு போட்டியாக ஏற்று, பணப் பந்தய விளையாட்டுகளைத் தடை செய்திருக்கிறது. இந்த வேறுபாட்டைப் பெற்றோர் அறிந்திருக்கவேண்டும். எல்லாவற்றையும் பப்ஜி என்று சொல்லிக்கொண்டிருந்தால், மெய்யான ஆபத்து வரும்போது அதை அடையாளம் காணமாட்டோம்.

வாலிபரே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. முகம் அறியாத நான்கு பேருக்காக உங்கள் கிரெடிட்டைச் சேமிக்கிறீர்கள். கேட்டவனுக்கு 2,900-க்கு வாங்கிக் கொடுக்கிறீர்கள். உங்கள் வீட்டிலும் ஓர் அணி இருக்கிறது. விடியற்காலை மூன்று மணிக்கு மீன் ஏலத்திற்குக் கூடை எடுத்துப் போகும் அம்மா அந்த அணியில் ஒருவர். இரவு ஷிப்ட் முடித்து வரும் அப்பா ஒருவர். கல்லூரிக் கட்டணத்திற்குக் காத்திருக்கும் தங்கை ஒருத்தி. இந்த மாதம் அவர்களில் யாருக்கு ஈகோ ரவுண்ட் என்று உங்களுக்குத் தெரியுமா? புதிய கைப்பேசி வேண்டும் என்று கேட்குமுன் அதை விசாரியுங்கள். விளையாட்டில் 12 சுற்று முடிந்து பக்கம் மாறும்போது எல்லாருடைய கணக்கும் மறுபடி 800-க்குத் திரும்பும். பழைய இழப்பெல்லாம் அழியும். வீட்டின் கணக்கு அப்படித் திரும்புவதில்லை.

பெற்றோரே, இந்த வாரம் ஒரு நாள் உங்கள் பிள்ளையின் அருகில் அரை மணி நேரம் அமருங்கள். இரண்டாம் சுற்றில் நீ ஏன் ஒன்றும் வாங்கவில்லை என்று கேளுங்கள். அவன் ஆவலோடு விளக்குவான். அதன்பின் வீட்டு வரவுசெலவை அவன்முன் திறந்து வையுங்கள். அவனுக்குக் கணக்குத் தெரியும். நாம்தான் அவனுக்குக் காட்டியதில்லை.

ஜெபம்: களைத்தவனுக்கும் பங்கு வைத்த ஆண்டவரே, எங்களில் தோற்றவர்கள் வட்டிக்காரனின் வாசலுக்குப் போகுமுன்னே எங்கள் வாசல் திறந்திருக்கக் கிருபை தாரும். சேமிக்க வேண்டிய காலத்தில் ஒருமனதையும், கொடுக்க வேண்டிய காலத்தில் தாராள மனதையும் தந்தருளும். எங்கள் பிள்ளைகள் திரையில் கற்றதை வீட்டிலும் சபையிலும் நடப்பிக்க உதவி செய்யும். இயேசுவின் நாமத்தில் வேண்டுகிறோம். ஆமென்.