பெறுவோர் பெருகுவதுதான் வெற்றியா?

ஏற்றத்தாழ்வைக் குறைக்க ஓர் அரசு எவ்வளவு பாடுபடுகிறது என்பதை எதைக் கொண்டு அளப்பது? நம் விருத்தாசலத்தில் இக்கேள்விக்குக் கிடைக்கும் விடை பெரும்பாலும் ஓர் எண்ணிக்கையாகவே இருக்கிறது. 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகை, தொடக்கத்திலேயே ஒரு கோடியே ஆறு லட்சம் பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் என அறிவிக்கப்பட்டது. அத்தொகையை நாம் சிறிதாக எண்ணவில்லை. பீங்கான் பொம்மைக்கு வண்ணம் தீட்டியும் அகல்விளக்கு வார்த்தும் பிழைக்கும் பெண்ணுக்கு அதன் அருமை தெரியும். கார்த்திகைக்கு விளக்குகள் தேவைப்படும் காலமே அடைமழைக் காலம்; பச்சை மண் உலராத நாட்களில் கூலியும் உலர்ந்துவிடுகிறது. அந்நாட்களில் அடுப்பெரிவது அந்த ஆயிரத்தால்தான்.

ஆனால், கொடுத்ததை எண்ணுவது மட்டுமே அளவாகிவிடுமா? ஆக்ஸ்பாம் போன்ற அமைப்புகள் உலக நாடுகளை ஒப்பிட்டு வெளியிடும் பட்டியல் மூன்றை நோக்குகிறது: கல்வி, மருத்துவம், சமூகப் பாதுகாப்பு ஆகியவற்றுக்கான செலவு, வரி யாரிடமிருந்து வருகிறது என்பது, உழைப்பாளரின் ஊதியமும் உரிமையும். 2022இல் 161 நாடுகளுள் இந்தியா 123ஆம் இடம் பெற்றது. இப்பட்டியலிலும் குறைகள் இருக்கலாம். எனினும், கொடுக்கும் கையோடு வாங்கும் கையையும் அது பார்க்கிறது.

சூரத்துல் முதஃப்பிஃபீனின் தொடக்க வசனங்கள் கண்டிப்பதும் இந்த இரட்டை அளவையைத்தானே? வாங்கும்போது நிறைவாக அளந்துகொண்டு, கொடுக்கும்போது குறைப்போரை அவை எச்சரிக்கின்றன. சூளைத் தொழிலாளியும் சூளை உரிமையாளரும் ஒரே சோப்புக்கு ஒரே ஜி.எஸ்.டி. விகிதம் செலுத்துகின்றனர். செல்வவரியோ 2015 நிதிநிலை அறிக்கையில் நீக்கப்பட்டது. 2019இல் நிறுவனங்களுக்கான அடிப்படை வரி 30 விழுக்காட்டிலிருந்து 22 ஆகக் குறைக்கப்பட்டது. மாதம் கிடைக்கும் ஆயிரத்தைப் பேசுவோர் இக்கணக்கையும் பேச வேண்டும்.

இமாம் அபூ உபைத் (ரஹ்) தமது கிதாபுல் அம்வாலில் ஒரு செய்தியைப் பதிவு செய்துள்ளார்கள். யமனிலிருந்து முஆத் இப்னு ஜபல் (ரலி) ஜகாத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கலீஃபா உமர் (ரலி) அவர்களுக்கு அனுப்பினார்கள். அங்குள்ள செல்வரிடம் வாங்கி அங்குள்ள ஏழைகளுக்குக் கொடுக்கவல்லவா அனுப்பினோம் என உமர் (ரலி) கடிந்துகொள்ள, பெறுவதற்கு இங்கு யாருமில்லாததையே அனுப்பினேன் என்றார்கள் முஆத் (ரலி). மறு ஆண்டு பாதி வந்தது. அதற்கடுத்த ஆண்டு முழுவதுமே வந்தது.

அங்கே ஆண்டுதோறும் குறைந்தது பெறுவோரின் எண்ணிக்கை. நம் மேடைகளிலோ அது கூடுவதே சாதனையாகச் சொல்லப்படுகிறது. தகுதியுள்ளோரை விலக்கிப் பட்டியலைச் சுருக்கச் சொல்லவில்லை. ஆண்டுக்கு 3600 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் செலவானால் தொகை இல்லை என்பது விதி. ஒரே மீட்டரில் இரண்டு மூன்று குடும்பங்கள் வாழும் வீட்டில் அந்த விதி யாரை அளக்கிறது? தேவை தீர்ந்து பெயர் நீங்குவது வேறு, விதியால் நீங்குவது வேறு. இவ்விரண்டையும் ஊர்வாரியாகப் பிரித்து வெளியிடுமாறு அரசிடம் கேட்போம்.

நம் பைத்துல்மால்களும் இதைச் செய்யலாம். எத்தனை சேலை, எத்தனை அரிசி மூட்டை என்பதுடன், வரும் ரமழானில் பதிவேட்டில் இன்னொரு பத்தி சேர்ப்போம்: சென்ற ஆண்டு பெற்றவர் இவ்வாண்டு ஏன் வரவில்லை? நிரந்தர வேலை அமைந்ததா, கடன் அடைந்ததா, பிழைப்புத் தேடி ஊரை விட்டுப் போனாரா, அல்லது மவ்த்தாகிவிட்டாரா?