சீர் கொடுத்த பீரோ கப்பல் ஏறுமா? வெளிநாட்டுக்கு வீடு மாறும் முன் போட வேண்டிய கணக்கு!

ஆஃபர் லெட்டர் வந்தாச்சு. விசாவும் வந்தாச்சு. பிள்ளைகளுக்கு ஸ்கூலில் டி.சி வாங்கியாச்சு. அதுக்கு அப்புறம்தான் ஹாலில் நின்று ஒரு முறை சுற்றிப் பார்ப்போம். சோபா, டைனிங் டேபிள், ஃப்ரிட்ஜ், கல்யாணத்துக்குச் சீராக வந்த கட்டில், பீரோ... "இதையெல்லாம் என்ன பண்றது?"

வேலைக்காக வெளிநாடு போகும் குடும்பங்களில் அதிகம் சண்டை வருவது இந்தக் கேள்விக்குத்தான். என் பெரியம்மா மகள் குடும்பத்தோடு சென்னையிலிருந்து மெல்போர்னுக்குக் கிளம்பியபோது, இரண்டு மாதம் கூடவே இருந்து பார்த்தேன். அக்காவுக்காகத் தேடிப் படித்தது, பேக்கிங் ஆட்களிடம் கேட்டது என எல்லாவற்றையும் சேர்த்து இந்த வாரம் பேசலாம். நீங்கள் போகும் நாடு வேறாக இருந்தாலும் கணக்கு போடும் முறை ஒன்றுதான்.

எடை இல்லை, இடம்தான் காசு!

கப்பலில் வீட்டுச் சாமான் அனுப்பும்போது எடையைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டாம். அது அடைக்கிற இடத்துக்குத்தான் காசு. கன மீட்டர் கணக்கு அது. பேக்கிங் ஆட்கள் 'சி.பி.எம்' என்பார்கள். ஒரு கன மீட்டர் என்பது சுமார் 35.3 கன அடி.

டேப்பை எடுத்து நீங்களே அளந்துவிடலாம். நீளம், அகலம், உயரம் மூன்றையும் அடியில் பெருக்கி 35.3 ஆல் வகுத்தால் போதும். அக்கா வீட்டில் இப்படி வந்தது:

* 4 அடி அகல தேக்கு பீரோ (4 x 2 x 6.5): சுமார் 1.5 கன மீட்டர்
* மூன்று பேர் உட்காரும் சோபா (7 x 3 x 3): சுமார் 1.8
* கழற்றிக் கட்டிய டபுள் காட்: சுமார் 0.9
* கால் கழற்றிய டைனிங் டேபிள், 4 நாற்காலிகள்: சுமார் 1
* ஃப்ரிட்ஜ்: சுமார் 0.8

மொத்தம் 6 கன மீட்டர். அட்டை, பப்பிள் ஷீட் சுற்றினால் இது இன்னும் கூடும். பாத்திரம், துணி, புத்தகம் எல்லாம் தனி.

20 அடி கன்டெய்னரின் உள்ளளவு சுமார் 33 கன மீட்டர். சாமான்களுக்கு இடையே விழும் சந்துகளைக் கழித்தால் அவ்வளவும் கிடைக்காது. மூன்று படுக்கையறை வீட்டை அப்படியே பெயர்த்துக் கொண்டு போகிறவர்களுக்குத்தான் முழு கன்டெய்னர் கட்டுப்படியாகும். அக்கா மாதிரி 6, 8 கன மீட்டர் அனுப்புகிறவர்கள், இன்னும் பலருடைய சரக்கோடு ஒரே கன்டெய்னரில் இடத்தைப் பகிர வேண்டும். இதில் கன்டெய்னர் நிரம்பும் வரை காத்திருப்பது, போய்ச் சேர்ந்த பிறகு பிரித்து எடுப்பது என இரண்டு பக்கமும் நாள் கூடும்.

"விமானத்தில் அனுப்பினால்?" என்று மாமா கேட்டார். அங்கே ஒரு கன மீட்டரைக் குறைந்தது 167 கிலோவாகக் கணக்கிடுவார்கள். தலையணை நிரப்பிய 10 கிலோ பெட்டியானாலும், ஒரு கன மீட்டர் இடம் அடைத்தால் 167 கிலோவுக்குக் காசு! முதல் மாதத்துக்குத் தேவையான சில பெட்டிகளுக்கு மட்டும்தான் அது சரிப்படும்.

குறைந்த கொட்டேஷனில் இருக்கும் கண்ணி

அக்கா நான்கு கம்பெனிகளில் கொட்டேஷன் வாங்கினாள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட ரொம்பக் குறைவு. பேரைச் சொல்லப் போவதில்லை. ஆனால் அந்தத் தாளின் கடைசி வரியைச் சொல்லியே ஆக வேண்டும். 'டெஸ்டினேஷன் சார்ஜஸ் தனி' என்று பொடி எழுத்தில் இருந்தது.

அதாவது மெல்போர்ன் துறைமுகம் வரை மட்டுமே அந்த விலை. அங்கே இறக்கும் கூலி, கன்டெய்னரைப் பிரிக்கும் கட்டணம், சுங்க வேலை, பயோசெக்யூரிட்டி பரிசோதனை, வீட்டுக்குக் கொண்டுவரும் லாரி என எல்லாம் நம் தலையில். அதுவும் ஆஸ்திரேலிய டாலரில். சாமான் அந்த ஊர் கிடங்கில் கிடக்கும்போது "வேண்டாம்" என்று சொல்லவும் முடியாது. இலவச நாள்கள் தாண்டினால் கிடங்கு வாடகை ஓட ஆரம்பித்துவிடும்.

அதனால் கேட்க வேண்டிய கேள்விகள் இவைதான்:

1. இது வீட்டிலிருந்து வீடு வரையா, துறைமுகம் வரையா?
2. அந்த நாட்டில் எனக்காக வேலை பார்க்கப் போகும் ஏஜென்ட் யார்? அவருடைய கட்டணப் பட்டியலை இப்போதே தர முடியுமா?
3. மாடிக்கு ஏற்றுவது, பிரித்து மாட்டுவது, காலி அட்டையை எடுத்துப் போவது இதில் சேர்த்தியா?
4. பரிசோதனைக் கட்டணம் யார் பொறுப்பு?
5. வீட்டுக்கு வந்து அளந்த பிறகு கன மீட்டர் கூடினால் என்ன செய்வீர்கள்?

பதில்கள் போனில் வேண்டாம், மெயிலில் வேண்டும்.

தென்னந்துடைப்பமும் சீரகமும்

ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு பிடிவாதம் உண்டு. ஆஸ்திரேலியாவுக்கு அது பூச்சியும் மண்ணும். வெளியிலிருந்து வரும் வீட்டுச் சாமான்களை அந்நாட்டு வேளாண் துறை சரிபார்க்கும். மரச் சாமானில் வண்டு அரித்த ஓட்டையோ, அதிலிருந்து உதிரும் மாவோ தெரிந்தால் சிகிச்சைக்கு அனுப்புவார்கள். இல்லையென்றால் திருப்பி அனுப்புவது அல்லது அழிப்பது. மூன்றுக்கும் செலவு நம்முடையது.

இதில் ஒரு நுணுக்கம். சிகிச்சைக்கு மீத்தைல் புரோமைடு புகை போடுவது உண்டு. ஃபோம் ரப்பர், தோல், கம்பளி ஆகியவற்றில் அது பட்டால் போகாத நாற்றம் பிடித்துக்கொள்ளலாம். அதனால் மரச் சாமானையும் லெதர் சோபாவையும் சேர்த்துக் கட்ட வேண்டாம்.

மூங்கில் முறம், பிரம்புக் கூடை, தென்னந்துடைப்பம், கோரைப்பாய், பூஜை அறையில் காய்ந்து கிடக்கும் வில்வம், தர்ப்பை எல்லாமே கவனிக்க வேண்டியவை. மண் ஒட்டிய சைக்கிள், பழைய ஷூ, தோட்டக் கருவிகளைக் கழுவிக் காயவைத்துத்தான் கட்ட வேண்டும். பழக்கடையில் வாங்கிய அட்டைப் பெட்டியும் வைக்கோலும் பேக்கிங்கில் கூடாது. மரப் பெட்டி அடித்தால், அந்த மரம் 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடாக்கப்பட்டதற்கான கதிர் முத்திரை அதில் இருக்கிறதா என்று பாருங்கள்.

பெரியம்மா ரகசியமாக பீரோ அறையில் வைத்த மிளகாய் வற்றல், சீரகம், துவரம்பருப்பை எல்லாம் அக்கா வெளியே எடுத்தாள். காப்ரா வண்டு என்ற தானியப் பூச்சிக்குப் பயந்து, அரிசி, பருப்பு, கொண்டைக்கடலை, சீரகம், கொத்தமல்லி விதை, காய்ந்த மிளகாய் போன்றவை தனியாக அனுப்பப்படும் வீட்டுச் சாமான்களோடு வருவதை ஆஸ்திரேலியா தடை செய்திருக்கிறது. ஒரு கைப்பிடி சீரகத்துக்காக மொத்தப் பெட்டிகளும் பரிசோதனையில் நிற்க வேண்டுமா?

வரி இல்லாமல் உள்ளே போக...

பழைய வீட்டுச் சாமானுக்குப் பெரும்பாலான நாடுகள் வரி கேட்பதில்லை. ஆனால் 'பழையது' என்பதற்கு ஆளுக்கொரு கணக்கு.

* ஆஸ்திரேலியா: 12 மாதமாவது சொந்தமாக வைத்துப் பயன்படுத்தியிருக்க வேண்டும்.
* அமெரிக்கா: வீட்டுச் சாமான்கள் ஓராண்டு பயன்பாட்டில் இருந்திருக்க வேண்டும்.
* பிரிட்டன்: 6 மாதம் பயன்படுத்தியிருக்க வேண்டும்; நீங்கள் 12 மாதமாவது பிரிட்டனுக்கு வெளியே வசித்திருக்க வேண்டும். சலுகைக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.
* ஜெர்மனி உள்ளிட்ட ஐரோப்பிய ஒன்றிய நாடுகள்: இங்கும் 6 மாதப் பயன்பாடு, 12 மாத வெளிநாட்டு வசிப்பு. கொண்டுபோன பிறகு 12 மாதத்துக்கு விற்கக் கூடாது.
* சிங்கப்பூர்: 3 மாதமாவது பயன்படுத்திய பொருள்களை, நீங்கள் போய் இறங்கிய 6 மாதத்துக்குள் கொண்டுவர வேண்டும்.

'போகிறோமே, புதுசா வாங்கிடலாம்' என்று கிளம்பும் மாதத்தில் டி.வி, சோபா வாங்கினால் இந்தச் சலுகை கிடைக்காமல் போகலாம் என்பது புரிகிறதா? கையில் பில் இருந்தால் பத்திரமாக வையுங்கள்.

நம் பக்கத்திலும் விதி உண்டு. 100 ஆண்டைத் தாண்டிய சிலை, ஓவியம், வேலைப்பாடுள்ள தூண், கதவு போன்றவை 1972-ம் ஆண்டு தொல்பொருள் சட்டத்துக்குள் வரலாம். அப்படி வந்தால் தனியார் நாட்டைவிட்டு எடுத்துப் போக முடியாது. பழையதுபோலத் தெரியும் தஞ்சாவூர் ஓவியமோ பித்தளை விளக்கோ இருந்தால், 'இது தொல்பொருள் அல்ல' என்று இந்தியத் தொல்லியல் துறையிடம் சான்று வாங்குவது நல்லது. ஈட்டி மரம் என்கிற ரோஸ்வுட், சர்வதேச வணிகக் கண்காணிப்புப் பட்டியலில் இருக்கிறது. தாத்தா காலத்து ஈட்டி மரக் கட்டில் உங்கள் வீட்டில் இருந்தால், அளவெடுக்க ஆள் வரும்போதே சொல்லிவிடுங்கள்.

அங்கே அது தேவையா?

இந்தக் கேள்வியைக் கேட்ட பிறகுதான் எங்கள் பட்டியல் சுருங்கியது. மெல்போர்ன் வாடகை வீடுகளில் பெரும்பாலும் சமையலறை அடுப்போடு இருக்கும். படுக்கையறையில் சுவரோடு அலமாரியும் இருக்கும். ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், கட்டில், சோபா மட்டும் நாம் பார்த்துக்கொள்ள வேண்டும். 1.5 கன மீட்டர் பீரோவை அனுப்பி, அங்கே அலமாரிக்கு எதிரில் நிறுத்துவதா? ஜெர்மனியில் நிலைமை தலைகீழ். பல வாடகை வீடுகளில் சமையலறை மேடைகூட இருக்காது.

கட்டிலில் இன்னொரு சிக்கல். நம் ஊர் குயின் சைஸ் பல வீடுகளில் 60 x 75 அல்லது 60 x 78 அங்குலம். அமெரிக்காவில் 60 x 80. கட்டிலை மட்டும் அனுப்பி, மெத்தையை அங்கே வாங்கினால் பொருந்தாது.

மின்சாரத்தைப் பொறுத்தவரை ஆஸ்திரேலியா நமக்குத் தோது. அங்கும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். பிளக் மட்டும் வேறு. அதனால் கிரைண்டர் போகலாம். அமெரிக்காவில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நம் மிக்ஸியும் கிரைண்டரும் அங்கே நேரடியாக ஓடாது. நம் கேஸ் அடுப்பை எங்கும் சுமக்க வேண்டாம்.

உடைந்தால் யார் பொறுப்பு?

கடல் வழி இன்ஷூரன்ஸை 'அது எதுக்கு' என்று தள்ளாதீர்கள். 2025 மே மாதம் கேரளக் கடலில் எம்.எஸ்.சி எல்சா 3 கப்பல் மூழ்கி, கன்டெய்னர்கள் கொல்லம், ஆலப்புழா கரைகளில் ஒதுங்கியதைப் பார்த்தோம். 2021 மார்ச்சில் எவர் கிவன் கப்பல் சூயஸ் கால்வாயில் சிக்கியதும் நினைவிருக்கும். அதன் பிறகு 'ஜெனரல் ஆவரேஜ்' அறிவித்தார்கள். கப்பலைக் காப்பாற்றிய செலவில், சரக்கு அனுப்பியவர்களும் பங்கு தர வேண்டும் என்பது அதன் பொருள். நம் சாமானுக்குக் கீறல்கூட விழாவிட்டாலும்! நல்ல பாலிசி இதையும் பார்த்துக்கொள்ளும்.

பாலிசியில் 'முழுவதும் தொலைந்தால் மட்டுமா, உடைந்தாலும் தருவார்களா' என்று பாருங்கள். நாமே கட்டிய பெட்டியில் உடைந்தால் பல பாலிசிகள் தராது. பீங்கான், கண்ணாடியை அவர்களையே கட்டச் சொல்லுங்கள். கட்டுவதற்கு முன் ஒவ்வொரு பொருளையும் நான்கு பக்கமும் போனில் படம் எடுத்துவிடுங்கள்.

கடைசியில் எது போனது?

பீரோவை விட்டுப்போவது என்று முடிவானதும் பெரியம்மா இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள், "அது உங்க பெரியப்பாவோட முதல் போனஸ்ல வாங்கின தேக்குடி. கடையில பார்த்தா மரம், எனக்கு அப்படி இல்ல" என்றார் என்னிடம். அக்கா கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அன்று ராத்திரி மறுபடியும் டேப்பை எடுத்தாள். இந்த முறை அளந்தது, பெரியம்மா வீட்டு ஊஞ்சல் பலகையை. 5 அடி நீளம், 2 அடி அகலம், 2 அங்குல கனம். சுமார் 0.05 கன மீட்டர்!

பீரோ பெரியம்மா வீட்டுக்குப் போனது. அவருடைய புடவைகள்தான் இப்போது அதில். சோபாவும் ஃப்ரிட்ஜும் விற்றாயிற்று. டைனிங் டேபிள் சித்தப்பா வீட்டில். கப்பலேறியது பாத்திரம், புத்தகம், கிரைண்டர், பிள்ளைகளின் சைக்கிள், அந்தப் பலகை. மொத்தம் 2 கன மீட்டருக்குக் கொஞ்சம் மேல்.

உங்கள் வீட்டில் முடிவெடுக்கும்போது மூன்று கேள்விகள் போதும். எத்தனை வருஷத்துக்குப் போகிறோம்? திரும்பி வரும் செலவையும் கம்பெனி தருமா? இதே பொருளை அங்கே பழையதாக வாங்கினால் என்ன விலை? இரண்டு வருட கான்ட்ராக்ட் என்றால், பெரும்பாலான மரச் சாமானுக்குப் பதில் 'வேண்டாம்' என்றே வரும். கணக்கில் 'வேண்டாம்' என்று வந்தும் மனசு கேட்காத ஒரே ஒரு பொருள் இருந்தால், அதைத் தயங்காமல் ஏற்றுங்கள். ஆனால் அது எது என்று வீட்டுப் பெரியவர்களிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

அடுத்த வாரம்: வெளிநாடு போகும் முன் பேங்க் அக்கவுன்ட்டில் மாற்ற வேண்டியவை என்னென்ன? பேசுவோம்!